பத்தாயிரம் பேருக்கு நாளொன்றுக்கு நானூறு கலம்: ஒரு கற்பனை நாட்டுக்குப் போர் வரலாறு கட்டிய கதை

மருதி நாட்டின் முந்நூறு ஆண்டு வரலாறு ஒருவழியாக எழுந்து நின்றுவிட்டது. யார் எந்தப் பக்கத்திலிருந்து கேள்வி கேட்டாலும் இப்போது சரிவதில்லை. நான் எழுதிக்கொண்டிருக்கும் மிகுபுனைவுத் தொடருக்கு இதுதான் அஸ்திவாரம். கடல் தாண்டி வந்த கம்பெனிகள், அவர்களோடு வந்த ஒரு மதம், முன்பே இங்கிருந்த நெறிகள், இவர்களுக்குள் நடந்த சண்டைகள் எல்லாம் இதில் வருகின்றன. தொடரைப் படிப்பவர் கண்ணில் இதில் பத்தில் ஒரு பங்குகூடப் படாது. இருந்தாலும் இதே வேலையில் இறங்குபவர் யாருக்காவது உதவும் என்று, செய்ததைச் செய்த வரிசையில் எழுதி வைக்கிறேன்.

முதலில் சாமான்கள். ஏ1 அளவில் கெட்டித் தாள் இரண்டு, அதே அளவில் டிரேசிங் தாள் மூன்று, ஐந்துக்கு மூன்று அங்குல அட்டைகள் இருநூறு, குண்டூசி ஒரு டப்பா, நாலு நிறத்தில் உல்லன் நூல், ஒரு தெர்மாகோல் பலகை, கணக்குப் போட லிப்ரே ஆபீஸ். மயிலாடுதுறையில் ஒரே தெருவில் எல்லாம் கிடைத்தது. ஏறக்குறைய 640 ரூபாய் ஆனது. பிற்பாடு வரைபடத்தைப் பெரிதாக நகல் எடுக்க, வீட்டு பிளான் பிரிண்ட் போடும் கடையில் இன்னொரு 160. உலகம் கட்டுவதற்கென்றே காசு கட்டிச் சேரும் மென்பொருள்களும் இருக்கின்றன. ஒன்றைப் பார்த்தேன். ராஜா, கொடி, தலைநகர் என்று நிரப்பக் கட்டம் கட்டமாக இருந்தது. மதகுக்கு ஒரு கட்டம் இல்லை. விட்டுவிட்டேன்.

ஆரம்பத்தில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். நோட்டில் இடப்பக்கம் ஆண்டு, வலப்பக்கம் போர். முதல் புனிதப் போர், இரண்டாம் புனிதப் போர், முப்பதாண்டுப் போர் என்று 41 போர்கள் சேர்ந்துவிட்டன. மச்சான் வந்திருந்தபோது வாங்கிப் புரட்டினார். அக்கா வீட்டுக்காரர். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர் வேலை.

“ஏன் மாப்ளே, முப்பது வருஷம் விடாம சண்டை போட்டிருக்கானுவளே, இவனுவளுக்கெல்லாம் யாரு வடிச்சுக் கொட்டுனா?”

என்னிடம் பதில் இல்லை. நோட்டை மூடி வைத்துவிட்டு இரண்டு பேரும் கணக்குப் போட உட்கார்ந்தோம். இந்த வேலை முழுவதிலும் உருப்படியான பகுதி இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அளவுகளைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை, தஞ்சாவூர் அளவையே வைத்துக்கொண்டோம். 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. வேலி என்பது ஏறக்குறைய 6.6 ஏக்கர். உரமூட்டை வராத காலத்து மகசூலாக ஏக்கருக்கு 900 கிலோ நெல் என்று மருதி நாட்டுக்கு விதித்தேன். வேலிக்கு ஏறக்குறைய 6 டன். கலம் என்ற பழைய நெல் அளவை 30 கிலோ என்று வைத்தால் வேலிக்கு 200 கலம். இனி சிப்பாய். ஆளுக்கு நாளைக்கு 800 கிராம் அரிசி. மூன்றில் இரண்டு பங்குதான் அரிசியாகத் தேறும் என்று மச்சான் சொன்னார். அப்படியென்றால் 1.2 கிலோ நெல். ஒரு கலம் 25 பேருக்கு ஒரு நாள் சோறு. பத்தாயிரம் பேர் கொண்ட படைக்கு நாளொன்றுக்கு 400 கலம். நூறு நாள் முற்றுகை போட்டால் 40,000 கலம். குதிரைக்குக் கொள்ளும் மாட்டுக்கு வைக்கோலும் தனி.

அரசனுக்கு வேலிக்கு எவ்வளவு வரும் என்பதற்கு நல்லதொரு ஆதாரம் நம்மிடமே இருக்கிறது. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். நெதர்லாந்தின் லெய்டனுக்குப் போய்ச் சேர்ந்த செப்பேடுகளில் அந்தக் கணக்கு இருக்கிறது. 97 வேலிக்குச் சற்று அதிகமான நிலம், 8,943 கலத்துக்குச் சற்று அதிகமான நெல். வகுத்தால் வேலிக்கு 92 கலம். அந்தக் காலத்தில் நெல் அளந்த மரக்கால் வேறு, இன்றைய மரக்கால் வேறு. எடையை நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. விகிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மருதி நாட்டில் வேலிக்கு 90 கலம் வரி என்று வைத்தேன். நூறு நாள் முற்றுகைக்கு ஏறக்குறைய 444 வேலியின் முழு வரி போய்விடும். என் கணக்கில் ஆனைமங்கலம் போன்ற ஒரு ஊர் முழுவதையும் கொட்டிக் கொடுத்தாலும் பத்தாயிரம் பேர் 22 நாள்தான் சாப்பிடலாம்.

இந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 41 போர்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பாதிக்கு மேல் அடிபட்டுப் போயின. முப்பதாண்டுப் போர், நடுநடுவே மூன்று மூன்று மாதம் நடந்த நாலு படையெடுப்பாகச் சுருங்கியது. மிஞ்சியவை 14. ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை போட்டேன்.

அடுத்தது வரைபடம். ஒரு சென்டிமீட்டருக்கு 2 கிலோமீட்டர் என்று வைத்தேன். ஏ1 தாளின் நீளவாக்கில் 168 கி.மீ. கிடைக்கும். கல்லணையிலிருந்து பூம்புகார் நேர்கோட்டில் 120 கி.மீ.க்குள்தான் என்பதால், நம் டெல்டா அளவுள்ள நாடு ஒரே தாளில் அடங்கிவிடும். முதலில் ஊர்களைக் குறித்துவிட்டு ஆற்றை அவற்றுக்கு நடுவே வளைத்து விட்டேன். அது ஆறாகவே தெரியவில்லை, ரோடு போட்ட மாதிரி இருந்தது. அந்தத் தாள் வீண். இரண்டாவது தாளில் ஆற்றையும் பிரிவுகளையும் முதலில் வரைந்து, தண்ணீர் எங்கே பிரிகிறதோ அங்கே மட்டும் பெரிய ஊர் வைத்தேன். மருதி ஆற்றுக்கு வடக்கே, வெள்ளம் வந்தால் மிச்சத்தைச் சுமக்க, கொள்ளிடம் போல ஒரு வடிகால் ஆறு; தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் உப்பங்கழி. டிரேசிங் தாளை மேலே விரித்து மாதவாரியாகத் தண்ணீரைப் பென்சிலால் நிழலிட்டேன். ஆடி முதல் தை வரை எந்த நிலம் சேறு, எந்தச் சாலை மேடு என்று உடனே தெரிந்துவிட்டது.

போர்க் காலண்டரும் அதிலேயே வந்துவிட்டது. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து களம் நிறைந்திருக்கும், வயல் காய்ந்திருக்கும். அன்று முதல் ஆற்றில் தண்ணீர் வரும் வரைதான் பீரங்கி வண்டி உருளும். ஐப்பசி, கார்த்திகையில் படை நடத்துகிற தளபதியை என் கதையில் முட்டாள் என்றே எழுதலாம். காலமும் கடலும் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1758 இருக்கிறது. பிரெஞ்சுத் தளபதி லாலி தஞ்சாவூர்க் கோட்டையை முற்றுகையிட்டார். குண்டும் சோறும் தீர்ந்துகொண்டிருந்தன. காரைக்காலுக்கு எதிரே ஆங்கிலேயக் கப்பல்கள் வந்து நின்றன. ஆகஸ்டில் முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினார். கோட்டைச் சுவர் வலுவாக இருந்ததால் தோற்றான் என்று எழுதுவதைவிட, இது எவ்வளவு சுவையான தோல்வி!

நடக்காமல் போன போருக்கும் ஒரு அட்டை வேண்டும் என்பதை ராணி மங்கம்மாள் காலத்திலிருந்து எடுத்தேன். மைசூர் சிக்கதேவராயர் காவிரியை மறித்தபோது, அதுவரை ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டிருந்த மதுரையும் தஞ்சையும் சேர்ந்து படை திரட்டின. கிளம்புவதற்குள் வெள்ளம் வந்து அணையே உடைந்துபோனது. மருதி நாட்டின் மிக முக்கியமான கூட்டணி இப்படித்தான் பிறக்கிறது. ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை. ஆனால் இரண்டு அரண்மனைக்கும் நடுவே அடுத்த நாற்பது வருஷத்துக்குக் கல்யாண சம்பந்தம் நடக்கிறது.

கடல் பக்கம் வந்தபோது எல்லாவற்றையும் கலைத்துவிட்டு மறுபடி போட வேண்டியிருந்தது. என் முதல் வரைவில் வெளியிலிருந்து வந்தது ஒரே ஒரு கொடிய பேரரசு. ஒரே கொடி, ஒரே கட்டளை. தரங்கம்பாடியில் பஸ் ஏறி காரைக்கால் வழியாக நாகப்பட்டினம் போகிறவர் யாரும் இதை நம்பமாட்டார்கள். ஏறக்குறைய 30 கி.மீ. கடற்கரை. 1739-இல் பிரெஞ்சுக்காரர் காரைக்காலைப் பிடித்தது முதல் 1781-இல் ஆங்கிலேயர் நாகையை டச்சுக்காரரிடமிருந்து பறித்தது வரை, அந்தத் துண்டில் டேனிஷ், பிரெஞ்சு, டச்சு என மூன்று கொடி பறந்தது. 1749 முதல் வடக்கே கொள்ளிட முகத்தில் தேவிக்கோட்டையில் ஆங்கிலேயர் வேறு.

அதிலும் டேனிஷ்காரர் கதை கற்பனைக்குக்கூட எட்டாதது. அவர்கள் இங்கே வரவேண்டும் என்று கிளம்பியவர்களே இல்லை. போர்ச்சுகீசியரை எதிர்த்துக் கண்டி அரசனுக்கு உதவப் புறப்பட்டு, அங்கே காரியம் கைகூடாமல், 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் ஒரு மீனவர் ஊரைப் பெற்றுக் கோட்டை கட்டினார்கள். தாய்நாட்டில் பணம் இல்லை, போர் வேறு. சுமார் முப்பது ஆண்டுகள் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூடக் கிளம்பவில்லை. 1669-இல் வந்த கப்பல் பார்த்தபோது கோட்டையை நடத்திக்கொண்டிருந்தவர் மிஞ்சிய ஒரே ஒரு டேனிஷ்காரர், கூட இருந்தவர்கள் உள்ளூர் ஆட்கள். அந்தக் கப்பல் கிளம்பாத காலத்துக்குள்ளேதான், 1642-இல், இந்தக் கோட்டைக்காரர்கள் முகலாயப் பேரரசின் மீது போர் தொடுத்திருந்தார்கள்! வங்கக் கடலில் கப்பல்களைப் பிடித்து விற்பதுதான் அந்தப் போரின் பெரும்பகுதி. அது முறைப்படி ஓய்ந்தது 1698-இல்.

ஆகவே ஒரு பேரரசை எடுத்துவிட்டு மூன்று கம்பெனிகளை வைத்தேன். மூன்றாவதுக்குப் பெயர் ‘மறந்துபோன கோட்டை’. தாய்நாடு அதை மறந்துவிட்டது. கோட்டைத் தலைவன் உள்ளூர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, உள்ளூர் ஓடக்காரரை வைத்துக்கொண்டு, இல்லாத ராஜாவின் பெயரில் கடற்கொள்ளை அடிக்கிறான். தொடரில் வாசகர்கள் அதிகம் கேட்பது இவனைப் பற்றித்தான்.

மதப் போர்தான் கடைசி வரை முரண்டு பிடித்தது. உள்நாட்டுக்கு நீர்நெறி, வெளியிலிருந்து வந்தது விளக்குநெறி. தண்ணீருக்கும் நெருப்புக்கும் சண்டை. எழுதிப் படித்தபோது பள்ளிக்கூட ஆண்டு விழா நாடகம் மாதிரி இருந்தது. அரசன் எந்த நெறியோ அந்த நெறிக் கோயிலுக்கு மட்டும் கொடுப்பான், மற்றதை இடிப்பான், கம்பெனியும் அதன் பூசாரியும் ஒரே குரலில் பேசுவார்கள். இந்த மூன்று நினைப்புமே தவறு என்று டெல்டாவில் திரும்பின பக்கமெல்லாம் சாட்சி இருக்கிறது.

நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்களில் 131 அடி உயரமுள்ள பெரியதைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மர். அதேபோல, சூடாமணி விகாரத்துக்கு ஊர் கொடுத்தது சைவச் சோழன். அவன் மகன் ராஜேந்திரன் 1025-இல் கடல் கடந்து அடித்ததோ அந்த விகாரத்தைக் கட்டிய ஸ்ரீவிஜயத்தையே. கொடையும் போரும் ஒரே குடும்பத்தில், இருபது வருஷ இடைவெளியில். விகாரத்தின் மிச்சமாக நின்ற செங்கல் கோபுரத்தை ஐரோப்பிய மாலுமிகள் சீனக் கோபுரம் என்று சொல்லிக்கொண்டு கப்பலுக்கு அடையாளமாக வைத்திருந்தார்கள். 1867-இல் அது இடிக்கப்பட்டது. தரங்கம்பாடிக்கு 1706 ஜூலையில் வந்திறங்கிய சீகன்பால்க், டென்மார்க் அரசர் அனுப்பிய பாதிரியார். அவரை 1708-இல் பிடித்து நாலு மாதம் சிறையில் வைத்தது வேறு யாருமில்லை, அதே டேனிஷ் கோட்டையின் அதிகாரி. வியாபாரம் பண்ண வந்தவனுக்குப் பிரசங்கம் பண்ண வந்தவன் இடைஞ்சல்.

இதற்குப் பிறகு ஒவ்வொரு அட்டையிலும் வழிபாடு ஒரு வரி, கொடை ஒரு வரி என்று பிரித்தேன். இரண்டும் ஒன்றாகவே இருந்தால் அந்த அட்டையைச் சந்தேகப்பட வேண்டும். போரை யார் நடத்தினார்கள் என்பதற்குக் கீழே யார் பணம் கொடுத்தார்கள் என்று ஒரு வரி. ஜெயித்தவன் அந்தப் போருக்கு வைத்த பெயர், தோற்றவன் வைத்த பெயர் என்று இரண்டு வரி. அட்டையின் பின்பக்கம் காலியாக விட்டேன். அது எவ்வளவு நல்லது என்று பிறகு தெரிந்தது.

சண்டை எங்கே பற்றிக்கொள்கிறது என்பதற்குச் சிதம்பரம் உதவியது. நடராஜரும் கோவிந்தராஜரும் ஒரே மதிலுக்குள். 1539-இல் விஜயநகர அச்சுதராயர் கோவிந்தராஜரை மறுபடி பிரதிஷ்டை செய்தார். 1597 வாக்கில் செஞ்சி கிருஷ்ணப்ப நாயக்கர் அந்தச் சந்நிதியில் திருப்பணி செய்யப் போனபோது, எதிர்த்த தீட்சிதர்கள் கோபுரத்தின் மேலேறிக் குதித்து உயிரை விட்டார்கள். அப்போது அங்கே போயிருந்த ஒரு ஏசு சபைப் பாதிரியார் இதை எழுதி வைத்திருக்கிறார். தத்துவ விவாதத்தில் முடிந்திருக்கக்கூடிய ஒன்று, இத்தனை அடிக்குள் யாருடைய இடம் என்ற கேள்வி வந்ததும் உயிர்ப் பிரச்சினையாகிவிட்டது. மருதி நாட்டில் அதற்கு இணையாக ஒரு மதகு வைத்தேன். பெயர் ஏழுகண் மதகு. அதன் மேல் பலகை மூன்று முழம் அகலம். ஆடிப் பதினெட்டன்று நீர்நெறியார் அதன் மேல் நின்று முளைப்பாரி விடுவது வழக்கம். விளக்குநெறிக்கு மாறிய கடைமடைக்காரர்களின் விளக்கு ஊர்வலமும் அன்று மாலை அதே பலகையைத்தான் தாண்ட வேண்டும். வேறு வழியில் போனால் சேறு. யார் முதலில் கால் வைப்பது? இதற்குள் கடவுளைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த மதகைத் திறக்கும் உரிமை யாரிடம் என்பதுதான் அடியில் ஓடுகிறது. கடைமடைக்காரன் வேறு நெறிக்குப் போனதே மேல்மடைக் கோயில் அவனுக்குத் தண்ணீர் விடாததால்.

எல்லாம் தெர்மாகோல் பலகையில் ஏறியதும் ஆடிப் பார்த்தோம். டியூஷனுக்கு வரும் பிளஸ் ஒன் பிள்ளைகள், மச்சான், அக்கா. கலத்துக்குப் பதில் புளியங்கொட்டை, ஒரு கொட்டை ஆயிரம் கலம். கைப்பிடி கைப்பிடியாகப் பல்லாங்குழிக் குழிகளில் போட்டுவிட்டு அரசன், இரண்டு கம்பெனி, மறந்துபோன கோட்டை, கோயில், கடைமடை என்று பிரித்துக் கொடுத்தேன். அரசன் போர் தொடுப்பான், கம்பெனி அவனை ஏய்க்கும் என்று நான் நினைத்திருந்தேன். கோயிலாக உட்கார்ந்த அக்கா இரண்டு பக்கத்துக்கும் நெல் கடன் கொடுத்துவிட்டார். மூன்றாவது சுற்றில் அரசனும் கம்பெனியும் அவருக்குக் கடனாளி. கம்பெனியாக இருந்த பையன் கோட்டையைத் தாக்கவே இல்லை. கடனை அடைக்க முடியாத அரசனிடம் துறைமுகச் சுங்கத்தைக் குத்தகைக்கு வாங்கிவிட்டான். கடைமடையாக இருந்த பெண் தன் ஒரே ஒரு கொட்டையை வைத்துக்கொண்டு, “நான் இந்தத் தடவை விதைக்கல சார்” என்றாள். அடுத்த சுற்றில் யாருக்கும் வரி வரவில்லை. விதிகளில் இதற்கு இடமே இல்லை. ஆட்டம் அங்கேயே நின்றுபோனது.

நின்றது நல்லதற்குத்தான். என் 14 போர் அட்டைகளிலும் போர் முடிந்த மறுநாள் என்ற ஒன்றே இல்லை என்று தெரிந்தது. 1781-இல் ஹைதர் அலியின் படை தஞ்சை நாட்டைச் சூறையாடிவிட்டுப் போன பிறகு, விளைச்சல் பழைய நிலைக்கு ஏற வருஷக்கணக்கில் ஆனது. மாடு போயிற்று, விதைநெல் போயிற்று, உழுகிறவன் ஊரைவிட்டே போனான். காலியாக விட்டிருந்த பின்பக்கங்களில் அதை எழுத ஆரம்பித்தேன். எத்தனை வேலி தரிசு, எத்தனை ஆண்டுக்கு, மாடு எங்கிருந்து வந்தது, யார் திரும்பி வரவில்லை. இரண்டு போர்களுக்கு நடுவே குறைந்தது ஒன்பது ஆண்டு இடைவெளி இதனால் தானாக விழுந்தது. 14 போரில் மேலும் மூன்று கழிந்தன.

அடுத்த தடவை செய்தால் மாற்ற வேண்டியவை சில உண்டு. உல்லன் நூல் வேண்டவே வேண்டாம், பிசிறு அடித்து அட்டையோடு சிக்கிக்கொள்கிறது. பூ கட்டுகிற நூலே போதும், விலையும் கம்மி. தெர்மாகோலில் குண்டூசி ஒரு மாதத்தில் தளர்ந்துவிடுகிறது, மென்பலகை வாங்கியிருக்கலாம். வரைபடத்தில் கிழக்கை மேலே வைத்து வரைவேன். கப்பலில் வருகிறவன் கண்ணுக்கு நாடு எப்படித் தெரியும் என்பது அப்போதுதான் பிடிபடுகிறது. நெல்லுக்குப் போட்டதுபோல உப்புக்கும் துணிக்கும் தனித் தாள் போட்டிருக்க வேண்டும், கம்பெனி வந்ததே துணிக்குத்தான். முதல் ஐம்பது அட்டைகளை ஜெல் பேனாவில் எழுதியதால் அடைமழையில் ஈரம் ஏறி மை கசிந்தது, பால்பாயிண்ட் நல்லது.

இன்னும் முடியாமல் இருப்பது கடைசி அட்டை. தரங்கம்பாடி போரில் விழவில்லை. 1845-இல் டென்மார்க் அதை, வங்கத்து செராம்பூர் முதலான மற்ற இடங்களோடு சேர்த்து, ஆங்கிலேயக் கம்பெனிக்குப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு விற்றுவிட்டது. மறந்துபோன கோட்டையையும் அப்படியே விற்கப் போகிறேன், முற்றுகை கிடையாது. விலையைக் கலத்தில் சொல்ல வேண்டும். நான் இரண்டு லட்சம் கலம் என்கிறேன். வேலிக்கு 90 கலம் வரி வீதம் பார்த்தால் அது 2,222 வேலியின் ஒரு வருஷ வரி. கோட்டைக்கு அவ்வளவு நிலமே இல்லை, எவன் கொடுப்பான் என்கிறார் மச்சான். துறைமுகச் சுங்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றால், சுங்கம்தான் குத்தகையில் இருக்கிறதே, குத்தகைக்காரனிடம் கேட்டாயா என்கிறார். கோட்டைக்குள் இருக்கும் விளக்குமாடம் விலையில் சேர்த்தியா இல்லையா என்பதும் பாக்கி.